சம்பந்தி வீட்டு வெளிச்சம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், தைப்பூசம் கழிந்த ஒரு ஞாயிறு, செமினி ஊருக்கு அப்பால் உள்ள என் தோட்டத்தில் நடந்தது இது. என் மருமகளின் தந்தையும் நானும் அங்கே அடுத்தடுத்து நிலம் வாங்கி, ஆளுக்கொரு பலகை வீடு கட்டியிருந்தோம். அப்போது அங்கு மின்கம்பி வந்திருக்கவில்லை.

ஞாயிறு மாலைகளில் எங்கள் பதிகக் குழுவினர் நகரத்தின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலிருந்து வந்து என் வீட்டில் பாடுவார்கள். மண்ணெண்ணெய் விளக்கொளியில் வியர்வை வழியப் பாடும் அந்த நேரத்திற்காகவே வாரம் முழுதும் காத்திருப்பேன்.

சம்பந்தி சேலைக்கடைக்காரர். பதிகத்தில் ஓரடியும் அறியார். அவர் யூடியூப் பார்த்து, தம் கையாலேயே கூரையில் சோலார் பேனல்களைப் பொருத்தி, விளக்கும் மின்விசிறியும் போட்டுவிட்டார். அடுத்த ஞாயிறே குழுவில் ஒருவர் மெல்ல ஆரம்பித்தார்.

"அய்யா, கோவிச்சுக்காதீங்க. அங்க ஃபேன் இருக்கு. இந்த வாரம் மட்டும் அங்க பாடலாமா?"

அந்த ஒரு வாரம் வழக்கமாயிற்று. சம்பந்தி ஐஸ் போட்ட ரோஜா சிரப் தண்ணீர் கொடுப்பார்; எல்லோரும் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். இறைவனைப் பாடிக்கொண்டே, அந்த மின்விசிறி நின்றுபோகட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டவன் நான்.

பாட்டு என் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு என் வீட்டிலும் மின்சாரம் வேண்டும். அவர் இரண்டு பேனல் போட்டார். நான் நான்கு வாங்கினேன். அவரிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பேட்டரிகளை அருகருகே வைத்து இணைக்கத் தொடங்கிய காலையில், வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"சம்பந்தி, ஒரு கை குடுக்கவா?"

"வேணாம், நான் பாத்துக்கிறேன்."

திருகாணியை முடுக்கக் குனிந்தேன். தீட்சை பெற்ற நாள் முதல் கழற்றாத, தங்கக் கம்பியில் கோத்த உருத்திராக்க மாலை பேட்டரியின்மேல் தொங்கியதை நான் கவனிக்கவே இல்லை.

"அசையாதீங்க!"

வேலியை எப்படித் தாண்டினாரோ, மாலையைக் கொத்தாகப் பிடித்து மேலே தூக்கினார்.

"தங்கம், சம்பந்தி! ரெண்டு முனையிலயும் பட்டா நெருப்பாயிடும், கழுத்தே வெந்துடும். வேல முடியிற வரைக்கும் கழட்டி வைங்க லா."

"கழட்ட மாட்டேன்" என்றேன். வீம்பு விடவில்லை.

அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. சாமி மாலையாயிற்றே என்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பிறகு மாலையை என் முதுகுப்பக்கம் பதமாகத் திருப்பி, தம் துண்டை என் மார்பைச் சுற்றிக் கட்டி அது நழுவாமல் செய்தார்.

"சாமி பின்னாடி இருக்கட்டும். முன்னாடி நான் பாத்துக்கிறேன்."

அந்தச் செருப்பைக் கண்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே எரிந்தது. மின்விசிறியைப் போல அந்தப் பக்தியைக் கடையில் வாங்கிவிட முடியாதே!

அன்று மாலை பதிகம் என் வீட்டில், என் விளக்கொளியில் ஒலித்தது. சம்பந்தி கடைசி வரிசையில் கண்மூடி அமர்ந்திருந்தார். பாடி முடித்ததும் குழுவினர் கேட்டது சிரப் தண்ணீரைத்தான்.

இன்றும் அந்தியில் அவர் வீட்டு விளக்கு என் விளக்கை முந்திக்கொண்டு எரிந்தால் நெஞ்சு புகைகிறது. அப்போதெல்லாம் என் கை தானாகவே மாலையை முதுகுப்பக்கம் தள்ளுகிறது, பதிகம் அறியாத ஒருவர் காத்துக் கொடுத்த கழுத்திலிருந்துதான் என் பதிகம் எழுகிறது என்பதை நினைவூட்டுவதுபோல.