தனித்தேர்வர்

“...உண்மையென உறுதி கூறுகிறேன், முற்றுப்புள்ளி” என்று தனக்குத்தானே முணுமுணுத்தபடிதான் ஒவ்வொரு பக்கத்தையும் முடிப்பாள். அந்தக் கடைசி வரிக்கு அவள் திரையைப் பார்ப்பதில்லை. விரல்களே பார்த்துக்கொள்ளும். நீதிமன்றத்துக்கு எதிர்வரிசைத் தட்டச்சுக் கடையில் ஒரு நாளைக்கு முப்பது முறையாவது அதை அடிக்கிறாள். தொலைந்த சான்றிதழ், மாறிப்போன முதலெழுத்து, பிரிந்துபோகும் தம்பதி, எதுவானாலும் முடிவு அந்த ஒரே வரிதான். வக்கீல்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘பிரமாணம்’. “பிரமாணம், என்னோடது ஆச்சா?” என்று வாசலிலிருந்து யாராவது அவசரப்படுத்தினால், “இந்த அண்ணனை விவாகரத்து பண்ணி அனுப்பிட்டு வந்துடறேன் சார்” என்பாள். எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிடும்.

வயது இருபத்திரண்டு. மெலிந்த உருவம். தாள் கட்டுகளை மேசையில் தட்டி ஓரம் சேர்க்கும்போது மட்டும் கைகளில் ஒரு தச்சரின் கறார் தெரியும். எழுதுபொருள் அலமாரியின் உட்பக்கக் கதவில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறாள். மாலைக் கல்லூரி மூன்று வருடம், சட்டக் கல்லூரி மூன்று வருடம், வக்கீல் பதிவுத் தேர்வுக்கு ஒரு வருடம். கடைசிக் கட்டத்தில் ‘29, கறுப்புக் கோட்டு’. பேனா எடுக்க அலமாரியைத் திறந்தால் உடம்பால் மறைத்துக்கொண்டுதான் திறப்பாள். ஒருநாள் என் கண்ணில் பட்டுவிட்டது. “எல்லாரும் இருபத்தி மூணுல போட்டுக்கற கோட்டு சார். நான் கொஞ்சம் லேட்டா அதைப் போட்டுக்கிட்டு வெயிலுக்கு வர்றேன்” என்றாள்.

என் கட்டுரைகளை அவளிடம் தட்டச்சு செய்யக் கொடுக்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. எந்தப் பள்ளி என்று முதல் மாதமே கேட்டேன். “அதை மூடிட்டாங்க சார்” என்றாள். எங்கே இருந்தது என்றதற்கு, “அந்தக் கட்டடத்தையும் இடிச்சுட்டாங்க.” அதற்குமேல் ஒரு செங்கல்கூடக் கிடைக்கவில்லை.

பள்ளிக் கதைகள் என்றால் அவளுக்கு உயிர். சாக்பீஸ் துண்டை விட்டெறிந்து தலைமையாசிரியரின் வழுக்கையில் பட்டு, நான் வராந்தாவில் முட்டி போட்ட கதையைச் சொன்னபோது அடிப்பதையே நிறுத்திவிட்டுக் கேட்டாள். எத்தனை நேரம் முட்டி போட்டேன், யார் யார் பார்த்தார்கள், வலித்ததா என்று குறுக்கு விசாரணை வேறு.

ஒரு மாதம் கழித்து நான் கடைக்குள் நுழைந்தபோது ஒரு பெண் வக்கீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். இவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: “சரியா வழுக்கையில போய் டொக்குன்னு விழுந்துச்சு மேடம். வராந்தாவுல ஒரு மணி நேரம் முட்டி.” என்னைப் பார்த்ததும் வாய் அப்படியே நின்றது. திரும்பி விசைகளைத் தட்ட ஆரம்பித்தாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. திரையில் எந்தப் பக்கமும் திறந்திருக்கவில்லை.

வக்கீல் போனபிறகு அவளாகவே சொன்னாள்.

“நான் பள்ளிக்கூடத்துக்கே போனதில்ல சார்.”

அப்பா பெரிய கட்டுமானங்களில் கிரேன் ஓட்டுபவர். எட்டு மாதத்துக்கு ஒரு ஊர். பாதி வருடத்தில் சேர்க்க எந்தப் பள்ளியும் இசையவில்லை. மூன்றாவது பள்ளியும் கைவிரித்த அன்று அம்மா சமையல் மேசையைத் துடைத்துவிட்டு, “இங்க உட்காரு” என்றாராம். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அந்த மேசைதான். தகரக் குடியிருப்போ வாடகை அறையோ, எங்கே போனாலும் லாரியில் முதலில் ஏறுவது அதுதான். காலை ஒன்பதுக்குப் பாடம், பதினொன்றுக்குக் குக்கர், மறுபடி பாடம்.

“எங்கம்மா பத்தாவதுதான் சார். மேல் வகுப்புப் பாடத்தை முதல் நாளே தான் படிச்சு, மறுநாள் எனக்குச் சொல்லுவாங்க. வேதியியல் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணா புரிஞ்சுது. சில நாள் ஒண்ணா புரியல.”

பத்தாவதும் பன்னிரண்டாவதும் தனித்தேர்வராக எழுதித் தேறியிருக்கிறாள். மதிப்பெண்கள் நன்றாகவே இருந்தன. எதற்கு வெட்கம் என்று கேட்டேன்.

“எல்லார்கிட்டயும் ஒரு குரூப் போட்டோ இருக்கு சார்” என்றாள்.

இந்த ஆண்டு மாலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். நேரில் வரச் சொன்னார்கள். அம்மாவும் கூடப் போனார். அவர் இப்போது ஒரு சலவையகத்தில் இஸ்திரி போடுகிறார். அன்று அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வேலை மேலங்கியோடே வந்து, மடியில் சான்றிதழ் ஃபைலை வைத்துக்கொண்டு சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வரிசையில் முன்னால் நின்ற பெண்ணுக்காக அவளுடைய தலைமையாசிரியை கடிதம் கொடுத்திருந்தார். எழுத்தர் அதைப் படித்து, “பெரிய ஸ்கூல்” என்று தலையாட்டினார். அடுத்தது இவள்.

“கடைசியா படிச்ச ஸ்கூல் எதும்மா? காலியா விட்டிருக்கே.”

“வீட்டுல படிச்சேன்.”

“யாரு சொல்லிக்கொடுத்தா?”

“ஒரு டீச்சர்.”

“என்ன படிச்சவங்க?”

“எம்.ஏ.”

எப்படி வந்தது என்று தெரியவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது என்றாள். எழுத்தர் குறித்துக்கொண்டு, அந்த ஆசிரியையிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிவரச் சொன்னார். பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

“உன்கூட வந்தவங்களா? யாரு?”

“தெரிஞ்சவங்க.”

பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவே எட்டடிகூட இருக்காது.

அம்மா எழுந்து வந்து ஃபைலைக் கொடுத்தார். திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தார். இறங்கும்போது மழை தூறியது. “ஃபைல் நனையாம பாத்துக்கோ” என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் காலை கடையில் அவள் ஒரு பிரமாணப் பத்திரம் அடித்தாள். இல்லாத ஓர் எம்.ஏ. ஆசிரியைக்குப் பெயர், வயது, முகவரி எல்லாம் வைத்தாள். விரல்கள் வழக்கம்போலக் கடைசி வரிக்குத் தாமாகவே ஓடின. அந்த வரியை வாழ்நாளில் முதல்முறையாக நிதானமாகப் படித்ததாக என்னிடம் சொன்னாள். முழுப் பக்கத்தையும் அழித்திருக்கிறாள். “வக்கீலாகறதுக்கு முன்னாடியே குற்றவாளி ஆகியிருப்பேன் சார்” என்றாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை. “அது கூடப் பரவால்ல. எங்கம்மாவை இல்லாம பண்ணினேன் பாருங்க.”

மூன்று நாள் வீட்டில் சோறும் உப்பும் பற்றிய பேச்சு மட்டும். நான்காம் நாள் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“ஒரு கையெழுத்து வேணும்மா.”

அம்மா நிமிரவில்லை. “தெரிஞ்சவங்க கையெழுத்து செல்லுமா?”

இவள் அழுதிருக்கிறாள். அம்மா அழவுமில்லை, தேற்றவுமில்லை. மடிப்பதை முடித்துவிட்டு, எத்தனை மணிக்குக் கடைக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் வகுப்பு. எம்.ஏ. என்று தான் சொன்னது பொய் என்பதை எழுத்தரிடம் நேரில் சொல்லித் திட்டும் வாங்கி வந்தாள். ஆனால் எனக்கு மறக்காதது அம்மா கையெழுத்திட வந்த அந்த நண்பகல்.

கடை நிறைய ஆட்கள். சான்றொப்பமிட வந்திருந்தவர், அன்று வயிற்றைப் பிடித்துச் சிரித்த அதே பெண் வக்கீல். அம்மா மேலங்கியோடு உள்ளே வந்து ஓரமாக நின்றார். இவள் எழுந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னாள்:

“மேடம், இவங்க எங்கம்மா. நான் ஸ்கூலுக்குப் போனதில்ல. உங்ககிட்ட சொன்னதெல்லாம் பொய். இவங்கதான் எனக்குப் பாடம் எடுத்தாங்க.”

வக்கீல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “அப்படியா, உட்காருங்கம்மா” என்றார். நான் என் கட்டுரைத் தாள்களில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அம்மா உட்காரவில்லை. பத்திரத்தை வாங்கி, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு என்ற இடத்தை விரல் நிற்காமல் கடந்தது. நாலாவது வரியில் நின்றது.

“கற்பித்தேன்ல ரெண்டு ப் போட்டிருக்க.”

இவள் எட்டிப் பார்த்தாள். ‘கற்ப்பித்தேன்’ என்றிருந்தது. முப்பது பத்திரம் அடித்தாலும் ஒரு பிழை விடாத கை.

“ற்-க்குப் பக்கத்துல இன்னொரு புள்ளி நிக்காதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்” என்றார் அம்மா. குரலில் கோபமுமில்லை, கனிவுமில்லை. பாடம் மட்டுமே இருந்தது.

வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். இவளுக்குக் காது மடல் மறுபடி சிவந்தது. கணினியில் திருத்தி வேறு தாள் எடுக்க ஒரு நொடி போதும். அவள் இருக்கையில் உட்காரவில்லை. பேனா டப்பாவைத் துழாவி ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, எல்லோரும் பார்க்க அம்மாவின் கையில் கொடுத்தாள்.