அக்கா சொல்ல மறுத்த விலாசம்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'இடம் அக்கா'. மாநிலம் முழுவதும் உள்ள பெண்கள் காப்பகங்களுக்குக் காலையில் போன் போட்டு, "இடம் இருக்கா?" என்று கேட்பதுதான் அவள் வேலை. வீட்டில் அடிபட்டு உதவி எண்ணை அழைக்கும் பெண்ணை எங்கே அனுப்புவது என்பது அவள் விசாரித்து வைத்திருப்பதைப் பொறுத்தது. மாதக் கடைசியில், எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று தொகுத்து மேலே அனுப்புவாள். எண்ணிக்கை ஏறினால், அடி கூடிவிட்டதா, இல்லை வாய் திறந்து சொல்கிறவர்கள் கூடிவிட்டார்களா என்று கூட்டத்தில் டீ ஆறிப்போகும்வரை விவாதம் நடக்கும். அவளுக்கும் விடை தெரியாது.

"ஊருக்கெல்லாம் இடம் பாக்குறீங்க, உங்களுக்கு ஒரு நல்ல இடம் பாத்துக்கலையேக்கா" என்று பக்கத்து மேஜைக்காரி கேலி செய்வாள்.

"நான் தினமும் கேக்குற கதையைக் கேட்டா நீயே தாலியைக் கழட்டிடுவ, போடி" என்று இவள் சிரிப்பாள்.

விடுமுறை நாட்களில் தம்பி வீட்டுக்குப் போவாள். அம்மா அவனோடுதான் இருந்தாள். தம்பிக்கு ஐந்து வயதில் ஒரு பெண். இருட்டத் தொடங்கினால் அந்தக் குழந்தை ஒவ்வொரு அறையாகப் போய், "தாப்பால் போட்டாச்சா?" என்று மழலையில் கேட்கும். 'ழ'வும் வராது, 'ர'வும் வராது. "வாட்ச்மேன் மேடம் ரவுண்ட்ஸ் கிளம்பிட்டாங்க!" என்று இவள் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். தம்பி மனைவி மட்டும் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் தம்பி போன் செய்தான். "அக்கா, அவ புள்ளையைத் தூக்கிட்டு எங்கயோ போயிட்டா. சின்னச் சண்டைதான்."

மறுநாள் காலை இவள் வழக்கம்போல் காப்பகங்களைக் கூப்பிட்டாள். தொலைவில் இருந்த ஒரு மாவட்டத்துக் காப்பாளர், "கடைசி இடமும் நேத்து ஒரு பொண்ணுக்குப் போயிடுச்சுக்கா. தாடை வீங்கி, பேசக்கூட முடியல பாவம்" என்றார். அவர் பேசும்போதே பின்னால் ஒரு குழந்தைக் குரல் கேட்டது. "ஆன்ட்டி, கதவு தாப்பால் போட்டாச்சா? அப்பா வந்துலுவாலு."

இடம் அக்கா போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஊர் ஊராகக் கேட்ட காதுக்கு, தம்பி வீட்டிலேயே கேட்டது உறைக்கவில்லையே. தம்பி மனைவியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? அவள் கண்ணுக்கு இவள் முதலில் அவனுடைய அக்கா.

முகத்தைக் கழுவிக்கொண்டு அதிகாரியம்மாவிடம் போனாள். "மேடம், அந்தக் காப்பகத்துக்கு மட்டும் இனி வேற யாராவது பேசட்டும். அங்க எனக்கு வேண்டியவங்க இருக்காங்க."

அதிகாரியம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பட்டியலை எடுத்து, அந்தக் காப்பகத்துக்கு எதிரே வேறொருத்தி பெயரை எழுதினார்.

அன்று மாலையே தம்பி, அம்மாவை அழைத்துக்கொண்டு அவளுடைய மாடி அறைக்கு வந்துவிட்டான். "உனக்கு ஒரு போன்ல தெரிஞ்சிடும். எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு. காலைப் புடிச்சாவது கூட்டிட்டு வந்துடுறேன்."

"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

அம்மா பதறினாள். "கூடப் பொறந்தவன்டி! அவன் குடும்பம் சிதறிப் போறதைப் பாத்துட்டு நிப்பியா?"

"அவ தாடையை உடைச்சப்ப நீ எங்கம்மா இருந்த?"

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்குப் பொண்ணே பொறக்கலைன்னு நெனச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அதன்பின் பேச்சு வார்த்தை அற்றுப்போயிற்று.

தம்பி மனைவி வழக்குப் போட்டாள். வேறு ஊரில் ஒரு மருத்துவமனை கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்ததாகக் காற்றுவாக்கில் செய்தி வந்தது. இவளை ஒருமுறையும் கூப்பிடவில்லை. இவளும் தொந்தரவு செய்யவில்லை. குழந்தைக்கு வாங்கிய சட்டை மட்டும் பீரோவில் கிடந்து சின்னதாகிப் போனது.

இரண்டு வருடம் கழித்து, தம்பியின் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். விழுந்தடித்து ஓடினாள். அம்மாவின் மணிக்கட்டில் மாவுக்கட்டு. கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கிடுச்சு" என்றாள் அம்மா, அவள் கேட்பதற்கு முன்பே.

எல்லா மாவட்டத்திலும் எல்லோரும் வழுக்கி விழும் அதே பாத்ரூம். இவள் கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். "என்கூட வந்துடும்மா."

அம்மா அவள் விரல்களைத் தடவிக்கொடுத்தாள். "நான் வந்துட்டா அவனுக்கு யாருடி சோறு போடுவா? அவனும் தனியாக் கெடக்கான்."

தம்பி வண்டி கொண்டுவந்து நிறுத்தினான். அக்காவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளைத் தாங்கி, அடிபட்ட கை எதிலும் இடித்துவிடாதபடி, பூப்போல வண்டியில் ஏற்றினான்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ள!" என்றாள் பக்கத்தில் நின்ற நர்ஸ்.

வண்டி தெருமுனையில் திரும்பும்வரை அம்மா பின்கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டு போனாள்.