இரண்டு விரல் கூடுதலாக வளர்ந்த சங்கரா

ஜப்பானில், கமேசாகி மீன்பிடித் துறையில் தூண்டில் இரை விற்கிறேன். என் கடைச் சுவர் முழுக்க மீன்களின் மை அச்சு. பிடித்த மீன் மேல் கறுப்பு மை தடவி, தாளைப் போர்த்தித் தேய்த்தால் மீன் அப்படியே பதிந்துவிடும். மற்றவர்களுக்கு அப்படியே பதியும். படகுக்கார இசோகிச்சிக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகப் பதியும். தலைப்பக்கம் தேய்த்துவிட்டு, தாளை இரண்டு விரல் நகர்த்தி, அப்புறம் வாலைத் தேய்ப்பார். யாரும் பார்க்கவில்லை என்பது அவருடைய நினைப்பு. துறையே பார்த்திருக்கிறது.

மனுஷன் அத்தோடு நின்றிருந்தால் என் சுவருக்கு மட்டும்தான் கேடு. மீன் ஆய்வு நிலையத்திலிருந்து வந்து, சங்கரா குஞ்சுகளை அளந்து, முதுகில் எண் போட்ட மஞ்சள் சரடு குத்திக் கடலில் விட்டார்கள். மறுபடி மாட்டினால் எண்ணையும் நீளத்தையும் ஒரு கார்டில் எழுதி அனுப்ப வேண்டும். எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்க்கிறார்களாம். அனுப்புகிறவருக்கு ஒரு துண்டு பரிசு. எங்கள் சோம்பேறிகளுக்கு எழுத்து வேலை ஆகாது; சரடு குத்திய மீன் மாட்டினால் இசோகிச்சி கையில் திணித்துவிடுவார்கள். அவர் ஒவ்வொன்றையும் அச்செடுப்பார், அச்சை அளந்து அனுப்புவார்.

"மீனை அளங்கண்ணே. தாளை எதுக்கு அளக்குறீங்க?" என்று கேட்டேன்.

"சுவத்துல ஒரு நீளம், கார்டுல ஒரு நீளம் இருந்தா நாளைக்கு எவனாவது என்னைப் பொய்யன்னு சொல்ல மாட்டானா?"

எப்பேர்ப்பட்ட மானஸ்தர் பாருங்கள்! பரிசுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு துறைக்கே ராஜா மாதிரி திரிந்தார்.

அந்தச் சமயத்தில் அவர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நூறாம் நாள் சோறூட்டும்போது தலையும் வாலும் சேர்ந்த முழுச் சங்கரா குழந்தை முன்னால் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். "கடையில வாங்குன மீனை என் பேத்தி முன்னாடி வெச்சா, அன்னிக்கே படகை வித்துடுறேன்" என்று என் கடையில் நின்று பத்துப் பேர் கேட்கச் சபதம் போட்டார். அவரை யார் கேட்டார்கள்?

சோறூட்டுக்குக் கொஞ்ச நாள் முன்பு நிலையத்து அதிகாரி கஜிவாரா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "ஜப்பான்லயே உங்க விரிகுடா மீன்தாங்க வேகமா வளருது. கொஞ்சம் பொறுத்தீங்கன்னா நல்லாப் பெருத்துடும். அதனால இனிமே ஒன்றரை ஜாணுக்குக் குறைஞ்சதைக் கடல்லயே விட்டுடணும்."

மீனவர் சங்கத்துப் பெரிய மனிதர்களும் உண்மை தெரிந்தே தலையாட்டினார்கள். வாயைத் திறந்தால், சரடெல்லாம் ஏன் ஒரே ஆளிடம் போனது என்ற கேள்வி வருமே! அன்றிலிருந்து பிடித்ததில் பாதி கடலுக்கே திரும்பியது. திட்டு மட்டும் இசோகிச்சிக்கு, அதுவும் முதுகுக்குப் பின்னால்.

சோறூட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் படகு வந்தது. தொட்டியில் உயிரோடு ஒரு சங்கரா, அழகான சிவப்பு. கஜிவாரா அளவுப் பலகையில் வைத்துப் பார்த்தார். இரண்டு விரல் குறைந்தது.

"பேத்தி விசேஷத்துக்குன்னு கேள்விப்பட்டேன். எனக்கே சங்கடமா இருக்கு" என்றார் அதிகாரி. "ஆனா அளவு போட்டதே நீங்க அனுப்புன கணக்கை வெச்சுத்தான். அதுல ஏதாவது தப்பு இருந்தா இப்பவே சொல்லுங்கய்யா, மாத்திடலாம்."

துறையே அவர் வாயைப் பார்த்தது. ஒரு வார்த்தை போதும். மீன் வீட்டுக்கு வரும், எங்கள் பிழைப்பும் திரும்பும்.

இசோகிச்சி தலைத்துண்டை இறுக்கிக் கட்டினார். "நான் அளந்தா தப்பாகுமா?" என்று மீனைத் தூக்கிக் கடலில் விட்டார். அது வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போயே போய்விட்டது.

மறுநாள் குழந்தை முன்னால் இருந்தது, அவர் மனைவி தொமியே கடையில் வாங்கிய பண்ணைத் தொட்டியில் வெயில் பட்டு வளர்ந்து கறுத்துப்போன சங்கரா. பக்கத்து வீடு என்பதால் நானும் போயிருந்தேன். படகை எப்போது விற்கிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அந்த மூஞ்சியைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

சோறூட்டி முடிந்ததும் குழந்தையின் கையை மையில் தோய்த்து அச்செடுப்பது வழக்கம். எல்லாம் மறந்தவர் போல இசோகிச்சி உற்சாகமாகத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். தொமியே அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"நீங்க கையை எடுங்க. பிள்ளை கை எவ்வளவு இருக்கோ, அவ்வளவே இருக்கட்டும்."