இழுத்தும் பிரியாத பனியன்

எங்கள் கம்பம் பக்கத்தில் ஓவர்லாக் மெஷினில் முதல் பனியன் தைத்தவள் நான்தான். வேறு யாராவது தைத்ததாகச் சொன்னால் நேரில் வரச் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.

அப்போது யுத்தகாலம். துணியெல்லாம் கன்ட்ரோலில் இருந்தது. எங்கள் ஊர்க் கன்னியர் மடத்தில் ஒரு தையல் வீடு உண்டு. கல்யாணமான நாங்கள் நாலைந்து பேர் அங்கே போய்த் தைப்போம். விடுதிப் பிள்ளைகளுக்குப் பனியன் தைக்கவென்று திருப்பூரிலிருந்து பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்று வந்து இறங்கியது. அதில் மூன்று நூல் ஓடும். துணியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே போகும். கூடவே ஒரு கத்தி இருந்து மிச்சத் துணியை வெட்டித் தள்ளும். மற்றவர்களுக்கு அதில் நூல் கோக்கவே பயம். நான் இரண்டு நாள் மல்லுக்கட்டிக் கோத்துவிட்டேன். தையல் வீட்டைப் பார்த்துக்கொண்ட மதருக்குச் சந்தோஷம். ஒரு துண்டு பனியன் துணியைக் கொடுத்து, முதல் பனியனை உன் வீட்டுக்காரருக்கே தைத்துக்கொள் என்றார்கள்.

அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று மதருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் சடுகுடு ஆடுகிறவர். கோயில் திருநாளுக்கு மறுநாள் எங்கள் ஊருக்கும் காமயகவுண்டன்பட்டிக்கும் ஆட்டம் நடக்கும். பங்குச் சாமியாரும் மதர்களும் பார்க்க வருவதால் எங்கள் ஊர் ஆட்கள் வெற்றுடம்போடு இறங்கக் கூடாது என்று கட்டளை. முந்தின வருஷம் மல் துணியில் நான் தைத்துக் கொடுத்த பனியன், எதிராளி இழுத்த ஒரே இழுப்பில் அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் டர்ரென்று பிரிந்துவிட்டது. ஊரே சிரித்தது. என் நாத்தனார் வருஷம் முழுக்க அதைச் சொல்லிக் காட்டினாள். ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள்கூட இழுத்துப் பார்த்து வாங்க ஆரம்பித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. இந்தத் தடவையும் பிரிந்தால் இனி ஊசியைத் தொடுவதில்லை என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கம் எதைத் தைத்தாலும் இரண்டு விரல் துணி உள்ளே பிடித்து விடுவோம். உடம்பு பெருத்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். கை அப்படியே பழகிப்போய்ப் பனியனுக்கும் இரண்டு விரல் கூட வைத்து வெட்டிவிட்டேன். மெஷினில் வைத்தால், கத்தி அந்த இரண்டு விரலைத்தான் கேட்கிறது. அதைக் கத்திக்கு விடு, இந்த மெஷினில் உள்துணி என்பதே கிடையாது என்று மதர் சொல்லிப் பார்த்தார்கள். எனக்கு மனசு வரவில்லை. ரேஷன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு துணிக்கு வரிசையில் நின்றவளுக்கு, நல்ல துணியை வெட்டித் தரையில் தள்ள மனசு வருமா? ஓரத்தை மட்டும் நூலளவுக்குக் கத்திக்குக் காட்டிவிட்டு, மிச்சத்தையெல்லாம் பனியனோடேயே சேர்த்துத் தைத்தேன்.

தைத்து முடித்ததும் தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். நீண்டு போய்த் திரும்பி வந்தது. ஒரு நூல் அறவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அப்போது தலைகால் புரியவில்லை.

அவர் போட்டுப் பார்த்தார். "ஏ புள்ள, இதுக்குள்ள இன்னொரு ஆளும் நிக்கலாம் போலயே" என்றார். காற்றோட்டமாக இருக்கும் என்று வாயை அடைத்தேன்.

ஆட்டம் வாய்க்கால் ஓரத்து அறுத்த வயலில். கடைசிவரை இரண்டு பக்கமும் சமமாகவே போயிற்று. மூச்சுப் பிடித்துச் சடுகுடு பாடிக்கொண்டு கடைசிப் பாட்டுக்கு இவர்தான் போனார். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, அவர்களில் நெட்டையன் ஒருவன் காலைப் பிடிக்கப் பார்த்தான், சிக்கவில்லை. இடுப்புப் பக்கம் தொங்கிய பனியனைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். இவர் நடுக்கோட்டை நோக்கிப் பாய, பனியன் ஒரு கை நீளத்துக்கு நீண்டது. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் அது கட்டுக்கயிறு மாதிரி அவரைப் பின்னால் சுண்டி இழுத்தது. மல்லாந்து விழுந்து பாட்டை விட்டுவிட்டார். தோற்றோம்.

எங்கள் ஊர் ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அதற்குள் நான் எழுந்து நின்று, நாத்தனாரிடம் "பாத்தீகளா மதினி, பிரியலை" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான், பிரிந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்பது எனக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு விரல் துணியைக் கத்திக்குக் கொடுத்திருந்தால் அவனுக்குப் பிடியே கிடைத்திருக்காது.

இவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. அந்த நெட்டையன் போகாமல் அங்கேயே நின்று, பனியனின் ஓரத்தைப் புரட்டித் தையலைத் தடவிப் பார்த்தான். இது எந்த ஊர்க் கம்பெனிப் பனியன், மதுரையா திருப்பூரா என்று கேட்டான். இவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். வெளியில் என்னைப் பற்றிப் பேசினால் எப்போதும் 'அவ', 'இவ'தான், 'அவுக' என்று ஒரு தடவைகூட வந்ததில்லை.

"கம்பெனியுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் இவர். "எங்க வீட்டுல தச்சாக."

தச்சா என்று சொல்லவில்லை. தச்சாக என்றார், அத்தனை பேருக்கும் முன்னால். நாத்தனார் என் கையை நறுக்கென்று கிள்ளினாள். அவளுக்கும் கேட்டுவிட்டது.