தேசிக்காய் வைத்த வண்டி

சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வைத்தது நான்தான். இன்றைக்கும் வைப்பாயா என்று கேட்டால் வைப்பேன் என்றுதான் சொல்வேன். என் மகள் இந்தக் கதையை யாருக்காவது சொல்லத் தொடங்கினால் முதல் வேலையாக என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவாள். சொல்லட்டும். என் பக்கத்தை நான் எழுதி வைக்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நாங்கள் ஜெர்மனியில், டோர்ட்மண்டில் இருந்தோம், மகளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்துக் கோடை விழாவில் மரவண்டி ஓட்டம் இருக்கிறது என்று வந்து சொன்னாள். ஏறிப் போகிற வண்டி என்று நினைத்துப் பயந்துபோனேன். அப்படி இல்லை. கையில் அடங்குகிற பைன் மரக்கட்டை ஒன்று, நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், நான்கு ஆணிகள். அந்த ஆணிகள்தான் அச்சு. எஞ்சின் கிடையாது. சரிவான மரப்பாதையின் உச்சியில் வைத்துவிட்டால் தன் பாரத்திலேயே உருண்டு போக வேண்டும். இதற்காக மகள் சேர்ந்த தச்சுக் குழுவை நடத்தியவர் ஒரு மாணவனின் தகப்பன். அமெரிக்காவில் வேலை செய்த காலத்தில் இந்த விளையாட்டைப் பழகி வந்தவர்.

முதல் ஒத்திகையைப் பார்க்க நானும் போனேன். மற்ற வண்டிகள் விர்ரென்று போய் அடியில் கிடந்த மெத்தையில் மோதின. என் மகளின் வண்டி பாதி வழியில் தயங்கி, முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அந்த மனிதர் குனிந்து, மிகவும் அன்பாக, ஓவியக் குழுவில் இடம் இருக்கிறது, பெண்பிள்ளைகள் அங்கே சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றார். விழா நாளான சனிக்கிழமை காலை இன்னொரு ஒத்திகை உண்டு, அதிலும் கோட்டைத் தொடாத வண்டி மதிய ஓட்டத்தில் இல்லை என்றும் சொன்னார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அந்த அன்புதான் எரித்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் வண்டியைக் கவிழ்த்து ஒரு சக்கரத்தை விரலால் சுண்டினாள். அரைச் சுற்றில் நின்றது.

"பாருங்கோ அம்மா, ஆணி சில்லைப் பிடிச்சு உரசுது. அதுதான் ஓடுதில்லை. இந்தத் தூள் போட்டால் வழுக்குமாம்."

குழுவில் கொடுத்த சின்னக் குப்பியில் கறுப்புத் தூள் இருந்தது. கிராஃபைட், பென்சிலுக்குள் இருக்கிற அதே கரி. இதுபோய் என்னத்தை வழுக்கும் என்று எனக்குத் தோன்றியது. என் தையல் மெஷின் கத்தினால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன், வாயை மூடிக்கொள்ளும். அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் நான்கு சக்கரங்களுக்கும் தாராளமாகத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். அது தெரியாமல் மாலையில் அவள் வந்து தூளைப் போட்டாள். எண்ணெயும் தூளும் சேர்ந்தால் என்ன ஆகும்? களி ஆகும். கறுப்புக் களி. அடுத்த நாள் வெள்ளி மாலை முழுக்க வண்டி படுத்துவிட்ட மாட்டைப்போல அசைய மறுத்தது. அவள் இன்னும் தூள் போட, களி இன்னும் இறுகியது. நான் எண்ணெய்ப் போத்தலை மெஷின் பெட்டிக்குள் தள்ளி மூடினேன்.

சனிக்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்தேன். எங்கள் வீட்டில் எந்த வாகனமும் பொட்டு வைக்காமல் தெருவில் இறங்கியது இல்லை. பழைய கார் வாங்கினபோதும் வைத்தோம், மகளின் சைக்கிளுக்கும் வைத்தோம். மரக்கட்டை என்றால் மட்டும் குறைவா? சாமிப்படத்துக்கு முன்னால் வண்டியை வைத்து, சக்கரங்களின் வெளிப்பக்கத்தில் சந்தனப் பொட்டு வைத்தேன். முன் சக்கரங்களின் கீழே ஆளுக்கொரு பாதித் தேசிக்காய். ஆனால் உள்ளங்கை வண்டிக்குத் தேசிக்காயை நசுக்குகிற பாரம் ஏது? நான்தான் மேலே கையை வைத்து அழுத்தினேன். சாறு பீச்சி அச்செல்லாம் நனைந்தது.

தலை துடைத்தபடி வந்தவள் அதைக் கண்டாள்.

"அம்மா! என்ன செய்து வைச்சிருக்கிறியள்!"

"வாகனம் ஓட முதல் செய்யிறதைத்தான் செய்தனான்."

"இது எண்ணெய் மணக்குது. எண்ணெயும் விட்டனீங்களே?"

"ஓம், விட்டனான். அதுக்கு என்ன?"

அவள் குறட்டை எடுத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அழுதுகொண்டேதான் பிடுங்கினாள். அப்போதும் எனக்கு மன்னிப்புக் கேட்கிற எண்ணம் வரவில்லை. பிறகு அவள் அழுகையை நிறுத்திவிட்டு முன் ஆணி ஒன்றை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். களியை விரலால் வழித்த இடத்தில், சாறு பட்ட பக்கம் பளிச்சென்று இருந்தது. மற்றப் பக்கம் மங்கல். ஆணித் தலைக்குக் கீழே சின்னதாக ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்ததும் இப்போதுதான் கண்ணில் பட்டது.

"இந்த முள்ளுத்தான் சில்லைக் கீறுது. அம்மா, நீங்கள் விளக்கு மினுக்கிறது எதாலை?"

"தேசிக்காய்க் கோதும் திருநீறும்."

"தாங்கோ."

முள்ளை நகம் ராவுகிற அரத்தால் ராவினாள். பிறகு திருநீறு தொட்ட தேசிக்காய்க் கோதால் நான்கு ஆணிகளையும் தேய்த்தாள். கார்த்திகை விளக்குக்குக்கூட அவ்வளவு பொறுமையாக நான் தேய்த்தது கிடையாது. சக்கரங்களைச் சவர்க்காரம் போட்டு எண்ணெய் போகக் கழுவினாள். தலைமுடி உலர்த்துகிற காற்றில் எல்லாவற்றையும் ஈரம் போகக் காயவைத்தாள். அதன் பிறகுதான் கறுப்புத் தூள், அதுவும் வேறு எதுவும் கலக்காமல். ஆணியை அடித்து முடித்துச் சக்கரத்தைச் சுண்டினாள். அது சுற்றியது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம், அது நிற்க மனமில்லாமல் சுற்றியது.

கழுவியதில் பொட்டுப் போய்விட்டிருந்தது. கிண்ணத்தை நீட்டினேன். என்னைக் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு தானே விரலில் சந்தனம் தொட்டு, அச்சில் படாமல் ஓரமாக வைத்தாள்.

பள்ளிக்கூட மண்டபத்தில், ஓவிய மேசையில் அவளுக்காக ஒரு தூரிகையும் ஏப்ரனும் எடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு முகம் சிவந்தது. ஒத்திகை தொடங்கவே இல்லை, அதற்குள் ஏப்ரன்! அந்த மனிதர் வண்டியைக் கையில் வாங்கிப் பார்த்து, சக்கரத்தில் அழுக்கு இருக்கிறது, துடைத்துவிடு என்றார். பக்கத்து வண்டியில் நெருப்பு ஸ்டிக்கர், அடுத்ததில் மண்டையோடு. அவற்றை யாரும் துடைக்கச் சொல்லவில்லை. என் உடைந்த ஜெர்மன் மொழியில் உள்ளதெல்லாம் திரட்டிக்கொண்டு நான் வாயைத் திறந்தேன்.

"நைன்" என்றாள் மகள், முடியாது என்று. மரியாதையாக, அமைதியாக. பிறகு ஜெர்மனில் தொடர்ந்தாள். "இது அழுக்கு இல்லை. வெளிப்பக்கத்தில் இருக்கிறது. பாதையிலும் படாது, ஆணியிலும் படாது. நான் துடைக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வண்டியை வைத்தாள். விட்டாள். போன தடவை தயங்கிய இடத்தை அது கவனிக்கவே இல்லை. கோட்டைத் தாண்டி மெத்தையில் மோதிக் கவிழ்ந்தது, கூரையைப் பார்த்தபடி சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மதிய ஓட்டத்தில் நடுவில்தான் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது போதும்.

"பரவாயில்லையே, என்ன போட்டாய்?" என்று வண்டி மெத்தையில் கிடக்கும்போதே கேட்டார் அவர்.

"நீங்கள் தந்த கிராஃபைட்."

"தேசிக்காயையும் சொல்லு" என்றேன் தமிழில்.

"சும்மா இருங்கோ அம்மா."

வண்டியைத் தூக்கி என்னிடம் தந்துவிட்டு ஓவிய மேசைக்குப் போனாள். ஓவியத்துக்கே போய்விடுகிறாளோ என்று நினைத்தேன். அவள் ஏப்ரனை எடுத்தாள். கறுப்புத் தூள் படிந்த தன் பத்து விரல்களையும் அதில் நிதானமாகத் துடைத்தாள். நாலாக மடித்தாள். கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, "நன்றி, எனக்குத் தேவைப்பட்டது" என்றாள்.