கூரைமேல் ஸ்டீயரிங்

என் லாரியின் கூரையில் இருந்த திருகுக் குமிழை மேனேஜர் இரண்டே விரலால் பிடுங்கி மேசையில் வைத்தார். பல் பிடுங்குகிறவர்கூட அதைவிட மரியாதையாகப் பிடுங்குவார். "எந்த ஊர் லாரிக்குங்க கூரை மேல ஸ்டீயரிங் இருக்குது? இது பொம்மைங்க, லாரி இல்லீங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் ஒருத்தருக்கும் மன்னிக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில், குழந்தைகள் ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளை வார்க்கும் சின்னக் கம்பெனி. அந்தக் கட்டைகளால் என்னவெல்லாம் கட்டலாம் என்று மாதிரி செய்து காட்டுவது என் வேலை. புதுப் பெட்டிக்கு லாரிதான் என்று முதலாளி முடிவு செய்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் அப்பா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் ஆசாரி. எந்தப் பலகை எங்கே உட்காரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அசல் அளவை விட்டுக்கொடுத்தேன். நிஜ லாரியின் அளவிலேயே சுருக்கிக் கட்டினால் சக்கரம் மட்கார்டுக்குள் ஒளிந்துகொள்ளும்; ஆறு வயதுக் குழந்தையின் விரல் கேபினுக்குள் நுழைந்து ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியாது. அதனால் சக்கரத்தைப் பெரிதாக்கினேன், மட்கார்டை உயர்த்தினேன், ஸ்டீயரிங் தண்டைக் கூரைக்கு வெளியே நீட்டி ஒரு திருகுக் குமிழ் வைத்தேன். அதைத் திருப்பினால் உள்ளே பல்சக்கரம் சுற்றி முன்சக்கரம் திரும்பும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் ஓட்டியும் ஒரு கட்டை கழலவில்லை. அந்த வண்டி பெட்டியில் ஏற வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

மேனேஜர் தன் பங்குக்குக் கட்டிய லாரி அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. தார்ப்பாய் கட்டும் கொக்கி, டூல் பாக்ஸ், அடுக்கடுக்காய்ப் பட்டை ஸ்பிரிங் எல்லாம் உண்டு. கண்ணாடிக்குள் வைத்துக் கும்பிடலாம். தொட்டால் போச்சு. அதுவே பெட்டிக்கு என்று முடிவானது. மேனேஜர் என்னைக் கட்டைகளை நிறம் பிரிக்கும் மேசைக்குத் தள்ளினார். பிடுங்கிய குமிழை நானே திரும்பப் பொருத்தி, என் வண்டியை அந்த மேசையில் வைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜையன்று முதலாளி வந்தார். சொந்தமாக லாரிகள் வைத்திருந்தவர். சகுனம் பார்க்காமல் தெருவில் இறங்க மாட்டார். பொட்டும் பூவும் வைத்து மேனேஜரின் லாரியை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். நான் முதலாளியிடம் பவ்யமாகக் கேட்டேன்.

"புது வண்டிங்க. பழம் வெக்காம எப்படிங்க எடுக்கறது?"

எங்கள் பக்கம் புது லாரியைக் கிளப்பும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கித்தான் எடுப்பார்கள். முதலாளிக்கு முகம் மலர்ந்தது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. முதலாளி முன்னால் வேண்டாமென்று சொல்ல முடியுமா? சின்னப் பழமாகப் பார்த்துப் பாதியாக அரிந்து, முன்சக்கரத்தடியில் நானே கவிழ்த்து வைத்தேன். முதலாளியே தள்ளினார். சக்கரம் எழும்பி மட்கார்டில் முட்டி நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கேபின் கழன்று, கொக்கியும் ஸ்பிரிங்கும் தரையெல்லாம் சிதறின. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மேனேஜர் தடுமாறி என் பக்கம் கையைக் காட்டினார். "இந்தம்மா கட்டுனது ஒண்ணு இருக்குதுங்க. அது நல்லா ஓடுமுங்க."

இந்த ஒரு வார்த்தைக்குத்தானே நான் காய்ந்து கிடந்தேன். முதலாளி என் மேசைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பூசையன்னைக்கே வண்டி ஒடஞ்சு போச்சு. இனி லாரியே வேண்டாமுங்க. ஊடு கட்டற பெட்டி போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு, அந்தப் பாதிப் பழத்தை எடுத்து என் லாரியின் சக்கரத்தடியில் வைத்துத் தள்ளினேன். நசுக்கி ஏறி இறங்கியது. ஒரு கட்டை அசையவில்லை. பார்க்கத்தான் ஆள் இல்லை.

மேனேஜர் இப்போது உயிரோடு இல்லை. செத்தவர்மேல் என்னம்மா கோபம் என்கிறாள் மகள். எனக்கு இருக்கிறது. அந்த நாள் திரும்ப வந்தாலும் முதலாளி முன்னால் பழம் கேட்கத்தான் செய்வேன். ஆனால் அதை என் வண்டிக்கு வைப்பேன்.