ரப்பர் அக்காவின் வயிற்றுப் பாலைவனம்

அந்த போட்டோ ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் ரப்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, வருகிறவர்கள் முகத்துப் பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் அழித்துத் தள்ளுகிறவள். மவுஸைத் தொட்டால் கை தானாக ஓடும், வாய் அதுபாட்டுக்கு ஊர்க்கதை பேசும். வழுக்கைக்கு முடி வைக்கச் சொன்னால் மட்டும் முறைப்பாள். "நான் அழிக்கிற ஆளு. நடுற வேலைக்கு வேற ஆளப் பாருங்க."

அவள் வயிற்றைத்தான் ஒரு பெண் படமெடுத்திருந்தாள். ஸ்டுடியோவில் படம் அச்சிட வருகிற போட்டோக்காரி. உடம்பையே நிலமாக, முதுகை மலையாக, முழங்காலைப் பாறையாகக் காட்டுகிற தன் முதல் கண்காட்சிக்காக எடுத்தது.

"பிரசவக் கோடெல்லாம் காத்தடிச்ச மணல் மாதிரியே இருக்குக்கா, ப்ளீஸ்க்கா" என்று அன்றைக்கு இழுத்து இழுத்துக் கொஞ்சியிருந்தாள்.

"சரி, தொலை. ஆனா யாரு வயிறுன்னு வெளிய தெரியக் கூடாது. என் வீட்டுக்காரருக்குக்கூட!"

கண்காட்சி நாள் வந்தது, மாலை ஆறு மணிக்குத் திறப்பு. மதியம் பெரிய சுவருக்கான படம் மெஷினிலிருந்து இறங்கியது. விரித்துப் பார்த்த போட்டோக்காரிக்கு முகம் வெளுத்தது. வழவழவென்று, ஒரு கோடு இல்லை. ஊதி வைத்த பலூன்.

"அக்கா! பாலைவனம் எங்க?"

ரப்பர் அக்கா நாக்கைக் கடித்தாள். "அச்சுக்குத் திறந்தேனா... முதலாளிகிட்ட பேசிக்கிட்டே இருந்தேனா... கை அதுபாட்டுக்கு..."

"பழசு இருக்குல்ல?"

"அது மேலயே சேவ் பண்ணிட்டேன்டி."

கேமரா கார்டையும் போட்டோக்காரி எப்போதோ துடைத்திருந்தாள். பாஸ்போர்ட் படமெடுக்கிற ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அந்தச் சுவர் காலியா கிடந்தா, கண்காட்சிக்கார அம்மா என்னையே ஆணியில மாட்டிடும்க்கா."

அக்கா எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். "அழாத. படம்தான போச்சு? நிலம் பத்திரமா இருக்கு."

மேஜையைத் துடைத்து மல்லாந்து படுத்தாள். போட்டோக்காரி விளக்கைத் தாழ்த்தினாள். வெளியே முதலாளி கதவைத் தட்டோ தட்டென்று தட்டினார்.

"உள்ள என்னம்மா பண்றீங்க? கஸ்டமர் நிக்கிறாங்க!"

"இயற்கைக் காட்சி எடுக்கிறோம் சார்!"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆடாதீங்கக்கா! நிலநடுக்கம் வருது!" என்று கத்தியவளுக்கே கேமரா ஆடியது. பன்னிரண்டாவது படம்தான் தேறியது. இந்த முறை போட்டோக்காரியே அச்சுக்குக் கொடுத்தாள். அக்கா இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டாள்.

ஆறு மணிக்குச் சுவர் முழுக்க மணல்மேடு. கூட்டம் அங்கேதான். அக்காவின் வீட்டுக்காரரும் வந்து, வாயைப் பிளந்து நின்றார். "ஒருதடவையாவது இந்த இடத்துக்கு நாம போகணும்டி."

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், தொண்டையைச் செருமி, சுற்றி நின்றவர்களுக்கு விளக்க ஆரம்பித்தார். "என்ன தெரியுதுங்க இதுல? வறட்சி! கைவிடப்பட்ட நிலம்! எப்பவோ இதோ, இப்படி ஒரு ஆறு ஓடியிருக்கணும்..." விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போனார்.

அக்கா அதுவரைதான் அடக்கினாள். கைவிடப்பட்ட நிலமாம்!

"ஆறும் இல்ல, வறட்சியும் இல்ல சார். ரெட்டைப் பிள்ளைங்க பொறந்த வயிறு, என்னோடது. மொதல்ல விரலை எடுங்க, கூசுது!"

கண்ணாடிக்காரர் சூடு பட்டதுபோல் கையை இழுத்தார். வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய், "தள்ளுங்க, தள்ளுங்க, எல்லாரும் ரெண்டடி தள்ளி நின்னு பாருங்க" என்று காவலுக்கு நின்றுவிட்டார்.